கடல் முள்ளெலி ஓட்டை வாசிப்பது எப்படி: தட்டு பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் முட்தோலிகளை, அதாவது கடல் முள்ளெலி, நட்சத்திரமீன், கடலட்டை சேர்ந்த விலங்குக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டால் "ஐந்து ஆரைச் சமச்சீர், சுண்ணாம்பு வன்கூடு, குழாய்ப்பாதம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் கையில் கடல் முள்ளெலியின் ஓடு ஒன்றைக் கொடுத்து, "இதில் முன்பக்கம் எது? இந்தத் தட்டு மூத்ததா, அந்தத் தட்டு மூத்ததா?" என்று கேட்டால் பதில் வராது. இரண்டு கேள்விக்கும் பதில் ஓட்டிலேயே இருக்கிறது. அதை எடுக்கும் முறையைத்தான் எழுதுகிறேன்.

நான் குருநகரில் பிறந்தவள், உயிரியல் ரீச்சர். அப்பா பண்ணைக் கடலில் சிறகுவலை வைத்தவர். வலையில் ஏறும் முள்ளெலிகளை உயிரோடு கடலுக்கே திருப்பி எறிந்துவிடுவார். முள் உதிர்ந்த வெறும் ஓடு கிடைத்தால் மட்டும் "இந்தா பிள்ளை, உன்ரை சாமான்" என்று கொண்டுவந்து தருவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: உயிருள்ளதை எடுக்க வேண்டாம். வாடைக்காற்று அடித்து ஓய்ந்த பிறகு சாட்டி, கசூரினா போன்ற கரைகளில் அலை ஒதுக்கிய குப்பைக்குள், சாதாழைக்கு நடுவே தேடிப் பாருங்கள். உடைந்த ஓட்டையும் விடாமல் எடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சுத்தம் செய்தல்

நன்னீரில் ஓர் இரவு ஊறவிட்டு உப்பைப் போக்குங்கள். தோலும் முள்ளும் ஒட்டிக்கொண்டிருந்தால், துணி வெளுக்கும் பிளீச்சில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அதில் அமிழ்த்துங்கள். முள் தானாகக் கழன்றதும் எடுத்து, பல தரம் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். தேசிக்காய், வினாகிரி, பழப்புளி எதுவும் கிட்ட வரக்கூடாது. ஓடு கல்சைற்று என்பதால் அமிலம் பட்டால் கரையும். அதோடு பிளீச்சும் அமிலமும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

நல்ல ஓட்டைப் பிளீச்சில் மறந்துபோய் விட்டுவிடாதீர்கள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் கொலாஜன் நார்கள் இருக்கின்றன. அவை கரைந்தால் ஓடு துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். உடைந்த ஓட்டை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அதை வேண்டுமென்றே நீண்ட நேரம் ஊறவிட்டுப் பிரித்து, தட்டுகளைக் கறுப்புக் கடதாசியில் பரப்புங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் உடைந்த விளிம்பில் நுண்ணிய துளைகள் தெரியும். உயிரோடு இருக்கும்போது அந்தத் துளைகளுக்குள் தசையும் நாரும் புகுந்திருக்கும். இத்தனை துளை இருந்தும் ஒவ்வொரு தட்டும் ஒளிக்கு ஒற்றைப் பளிங்காகவே நடந்துகொள்கிறது. நட்சத்திரமீன், கடலட்டை, கடல் அல்லி என்று எந்த முட்தோலியை எடுத்தாலும் வன்கூடு இதே வலைக்கட்டுத்தான். ஐந்து ஆரை இல்லாத பழைய உயிர்ச்சுவடுகளைக் கூட முட்தோலி என்று அடையாளம் காண்பதற்கு இதுதான் முதல் சாட்சி.

இருபது நிரல்

இருட்டறையில் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டு, ஓட்டின் வாய்த்துளை அந்த வெளிச்சத்தின் மேல் வரும்படி வையுங்கள். ஓடு முழுவதும் புள்ளி புள்ளியாக ஒளிரும். புள்ளிகள் சோடி சோடியாக இருக்கும். ஒரு சோடித் துளைக்கு ஒரு குழாய்ப்பாதம், அதாவது நீரால் இயங்கும் மெல்லிய குழாய் போன்ற கால். இந்தப் புள்ளிகள் வரும் ஐந்து பட்டிகளைப் பாதப்பட்டி என்றும், அவற்றுக்கு இடையே புள்ளி இல்லாமல் அகலமாக இருக்கும் ஐந்தை இடைப்பட்டி என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பட்டியிலும் தட்டுகள் இரண்டு நிரலாக, ஒன்றின் இடுக்கில் மற்றது பொருந்தி நிற்கும். நடுவிலுள்ள பொருத்துக்கோடு அதனால் வளைந்து வளைந்து போகும். மொத்தம் 20 நிரல். இன்று உயிரோடிருக்கும் முள்ளெலி எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத்தான்.

பொருத்துக்கோடு சரியாகத் தெரியாவிட்டால் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிற்று நனைத்துத் துடையுங்கள். எங்கள் கடற்புல் திடல்களில் கிடைக்கும் சல்மாசிஸ், ரெம்னோபுளூரஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. அந்தக் குடும்பத்தில் தட்டுகள் சந்திக்கும் மூலைகளில் சிறு குழிகள் இருக்கும். குழியிலிருந்து குழிக்குப் பென்சிலால் கோடு இழுத்தால் தட்டின் எல்லை வந்துவிடும். பாதப்பட்டியில் கோடு இழுக்கும்போது ஒரு தட்டில் மூன்று சோடித் துளை இருப்பதைக் காண்பீர்கள். மூன்று சிறு தட்டுகள் சேர்ந்து ஒரு கூட்டுத்தட்டாகி, ஒரே முள்ளைத் தாங்கும் ஒரே குமிழைப் பெற்றிருக்கின்றன. ஆகவே பாதங்களை எண்ண விரும்பினால் தட்டை விட்டுவிட்டுத் துளைச்சோடிகளை எண்ணுங்கள்.

உச்சியைப் பாருங்கள்

இனி ஓட்டை வாய் கீழே இருக்கும்படி பிடித்து உச்சியைப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாக நினைக்கும் இடம் இதுதான். அவசரப்படாதீர்கள்.

உச்சியின் நடுவில் குதம் இருந்த வெற்றிடம். அதைச் சுற்றிப் பத்துத் தட்டுகள். ஐந்து பெரியவை இடைப்பட்டிகளின் தலையில் நிற்கும். ஒவ்வொன்றிலும் முட்டையோ விந்தோ வெளியேறும் ஒரு துளை உண்டு. இவை சினைத்தட்டுகள். மற்ற ஐந்து சிறியவை பாதப்பட்டிகளின் தலையில் நிற்கும். இவற்றை நுனித்தட்டு என்கிறேன், காரணம் பிறகு விளங்கும். சினைத்தட்டுகளில் ஒன்று மட்டும் ஊசியால் குத்திக் குத்தி வைத்ததைப் போலத் துளை நிறைந்து, மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். குழாய்ப்பாதங்களை இயக்கும் நீர்க்குழாய்த் தொகுதிக்கு வாசலான சல்லடைத்தட்டு அது.

புதிய தட்டுகள் நுனித்தட்டின் ஓரத்தில்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு நுனித்தட்டும் தனக்குக் கீழேயுள்ள பாதப்பட்டிக்கும், இரு பக்கத்திலும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடைப்பட்டி நிரல்களுக்கும் தட்டுகளைக் கொடுக்கிறது. புதிய தட்டு வர, பழையது வாயை நோக்கித் தள்ளப்படுகிறது. தள்ளப்படும்போதே விளிம்பில் சுண்ணாம்பு படிந்து அகலமும் ஆகிறது. ஆகவே உச்சியிலிருப்பது இளையது, வாயருகே இருப்பது மூத்தது. நடு வயிற்றுத் தட்டு அளவில் பெரிதாக இருப்பதை வைத்து அதை மூத்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படிப் பார்த்தால் ஓடு பத்துப் பட்டிகளாகத் தெரியாது. நுனித்தட்டு ஒன்றுக்கு நான்கு நிரல் வீதம் ஐந்து வளர்ச்சித் தொகுதிகளாகத் தெரியும். ஓர் இடைப்பட்டியின் இரண்டு நிரல்களும் இரண்டு வேறு நுனித்தட்டுகளுக்குச் சொந்தமானவை. அயல் வீட்டுக்காரர் இருவர் சேர்ந்து கட்டிய வேலி என்று அதை வைத்துக்கொள்ளலாம். மிக அரிதாக நான்கு அல்லது ஆறு ஆரை கொண்ட முள்ளெலிகளும் பிறக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் நுனித்தட்டுகளை எண்ணுங்கள். பட்டிகளின் கணக்கு அவற்றின் வழியே போகும்.

ரிச் மூய், புரூனோ டேவிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990களில் முட்தோலி உடல் முழுவதையும் இந்த விதியை வைத்தே இரண்டாகப் பிரித்தார்கள். நுனித்தட்டின் ஓரத்தில் ஒழுங்காகப் பிறக்கும் தட்டுகள் ஒரு பகுதி. அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாமல் உடற்சுவரில் எங்கும் தோன்றக்கூடியவை மறு பகுதி. முள்ளெலியில் முதற்பகுதி உடலை ஏறக்குறைய முழுக்க மூடிவிட்டது. இரண்டாம் பகுதி சுருங்கி உச்சியில் ஒரு சின்ன வட்டமாக நிற்கிறது.

காய்ந்த நட்சத்திரமீன் ஒன்று அகப்பட்டால் பக்கத்தில் வையுங்கள். கையின் அடிப்பள்ளத்தில் பாதத்தட்டுகள் இரண்டு நிரலாக ஓடி, கை நுனியில் ஒரு தனித்தட்டில் முடியும். புதிய பாதத்தட்டு அந்தத் தட்டின் உட்பக்கத்தில் பிறக்கும். முள்ளெலியின் உச்சியில் நான் நுனித்தட்டு என்றது இதற்கு நிகரான தட்டைத்தான். உங்கள் ஐந்து விரல்களையும் மேல்நோக்கிக் குவித்து நுனிகளை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். நட்சத்திரமீனின் ஐந்து நுனிகளும் முள்ளெலியில் அப்படி உச்சியில் வந்து கூடியிருக்கின்றன. நட்சத்திரமீனின் முதுகுப்புறம் முழுவதும் மேலே சொன்ன இரண்டாம் பகுதி. அங்கே தட்டுகள் ஒழுங்கில்லாமல் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

முன்பக்கம் கண்டுபிடித்தல்

வட்டமான முள்ளெலிக்கு முன்பக்கம் ஏது என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்டு. சுவீடன் நாட்டு விலங்கியலாளர் ஸ்வென் லோவேன் 1874இல் கொடுத்த முறையை இன்றும் பாவிக்கிறார்கள். உச்சி உங்களைப் பார்க்கட்டும். சல்லடைத்தட்டு வலப்பக்க மேல்மூலையில், கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்துக்குச் சற்று அப்பால் வரும்வரை ஓட்டைத் திருப்புங்கள். இப்போது பன்னிரண்டு மணித் திசையில் ஒரு பாதப்பட்டி நிற்கும். அது பாதம் 3, அதாவது முன்பக்கம். நேர் கீழே ஆறு மணியில் இடை 5, அதாவது பின்பக்கம். இடை 5இலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போனால் பாதம் 1, இடை 1, பாதம் 2, இடை 2 என்று வரும். சல்லடைத்தட்டு எப்போதும் இடை 2இல். ஓட்டைக் கவிழ்த்து வாய்ப்பக்கத்தைப் பார்த்தால் எண் கடிகாரத் திசையில் ஓடும். இந்த மாற்றத்தில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ஆகவே கவிழ்ப்பதற்கு முன்பே பென்சிலால் எண்ணை ஓட்டில் எழுதிவிடுங்கள்.

தட்டையான மணல் முள்ளெலியில், தேங்காய்ப்பூப் பிஸ்கற்று அளவில் கரையில் கிடக்குமே அதில், சல்லடைத்தட்டு உச்சி நடுவையே பிடித்துக்கொண்டிருக்கும். அதை வைத்துத் திசை காண முடியாது. அதற்குப் பதிலாகக் குதத்தைத் தேடுங்கள். அது உச்சியை விட்டு நகர்ந்து, அடிப்பக்கத்திலோ விளிம்பிலோ ஒரு சிறு துளையாக இருக்கும். அது இருக்கும் பட்டி இடை 5. அதற்கு நேரெதிர் பாதம் 3. விளிம்புப் பக்கம் இரண்டு நீள்துளை கொண்ட இனம் கிடைத்தால், அந்தத் துளைகள் பாதம் 1இலும் பாதம் 5இலும், அதாவது பின்பக்கத்தில் இருக்கும். மேலே பூவிதழ் போலத் தெரியும் ஐந்தும் பாதப்பட்டிகளே. அங்குள்ள பாதங்கள் மூச்சு விடுவதற்கு.

இந்த இருபக்கச் சமச்சீர், அதாவது இடமும் வலமும் ஒத்திருக்கும் அமைப்பு, புதிதாக வந்தது. யுராசிக் காலத் தொடக்கத்தில் சில முள்ளெலிகள் மணலுக்குள் புதைந்து ஒரே திசையில் நகரும் வாழ்க்கைக்குப் போயின. முன்னே போகிறவனுக்குக் கழிவு பின்னால் போவது நல்லது. குதம் இடை 5 வழியே பின்னுக்கு இறங்கியது. நான் வியப்பது என்னவென்றால், அப்போதும் அவை புதிய அச்சு ஒன்றை உருவாக்கவில்லை. நுனித்தட்டு ஐந்தும் இடம் மாறாமல் நிற்க, பழைய ஐந்தின் மேலேயே இடதும் வலதும் எழுதப்பட்டன.

வட்ட முள்ளெலியின் ஐந்தும் அப்படியொன்றும் பூரணமானதல்ல. வாயைச் சுற்றி முதலில் பிறந்த பாதத்தட்டுகள் பத்து. ஒவ்வொரு பட்டியிலும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எண்ணும் திசையில் முதலில் வரும் நிரலை அ என்றும் அடுத்ததை ஆ என்றும் குறித்தால், பாதம் 1 முதல் 5 வரை பெரியவை வரும் ஒழுங்கு: அ, அ, ஆ, அ, ஆ. இதுவும் லோவேன் கண்டது. உண்மையான ஐந்து ஆரைச் சமச்சீராக இருந்தால் ஐந்திலும் ஒரே பக்கம் பெரிதாக இருந்திருக்கும். வளர்ந்த வட்ட ஓட்டில் இதைக் காண்பது கடினம். இதய முள்ளெலியின் வாய்ப்பக்கத்தில் தேடுங்கள்.

கடலட்டையில் ஐந்து எங்கே?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கடலட்டையைச் சொல்லாமல் போக முடியாது. வாடியில் அட்டையைக் கீறிக் குடல் எடுக்கும்போது உட்சுவரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வாயிலிருந்து குதம் வரை ஐந்து தசைப்பட்டிகள் நீளமாக ஓடும். முள்ளெலியைப் பக்கவாட்டில் சரித்து நீட்டிய உடல் இது. மூன்று ஆரை தரையில், இரண்டு முதுகில். வெள்ளை அட்டையின் வாயைச் சுற்றி இருக்கும் உணர்கொம்புகள் 20.

வன்கூடு இங்கே தோலுக்குள் துகளாகிவிட்டது. மிளகளவு தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு துளி பிளீச் விட்டு, தசை கரைந்ததும் நீரால் மெதுவாக அலசி, நுணுக்குக்காட்டியில் 100 மடங்கில் பாருங்கள். வெள்ளை அட்டையில் சிறு மேசை போன்றவையும், துளையுள்ள பொத்தான் போன்றவையும் தெரியும். அவித்த அட்டையை மணலில் புதைத்துவைத்துப் பிறகு தேய்த்துக் கழுவும்போது வெள்ளையாக உரிந்து போவது இந்தத் துகள்கள்தான். பாடசாலையில் நுணுக்குக்காட்டி இருந்தால் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறையாவது காட்டுங்கள்.

கடலட்டைக் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்யும் ஆள் யாரையாவது தெரிந்திருந்தால் அது இன்னும் நல்லது. முட்டையிலிருந்து வரும் குடம்பிக்கு இடம், வலம் உண்டு, ஐந்து இல்லை. மிதந்து திரியும் அந்தக் குடம்பி இரண்டு கிழமை அளவில் உருமாறி, ஐந்து உணர்கொம்புகளோடு அடியில் ஒட்டும். முள்ளெலிக் குடம்பியில் மாற்றம் இன்னும் கடுமையானது. குடம்பியின் இடப்பக்கத்தில்தான் வளர்ந்த உடலின் மொட்டு உருவாகிறது. இடப்பக்கமே வாய்ப்பக்கம் ஆகிறது. நீர்க்குழாய்த் தொகுதி இடப்பக்கப் பையிலிருந்து வருகிறது. ஐந்து என்பது இருபக்கச் சமச்சீரின் ஒரு பாதியில் எழுந்த கட்டடம்.

ஈர்க்கை வைத்து ஐந்தை உண்டாக்குதல்

ஐந்து எப்படி வந்தது என்பதற்கு உயிர்ச்சுவடு ஒரு வழி காட்டுகிறது. மூன்று ஈர்க்குத் துண்டுகளை ஒரு புள்ளியில் சந்திக்கும்படி மேசையில் வையுங்கள்: ஒன்று முன்னே, ஒன்று இடம், ஒன்று வலம். கலிபோர்னியாவின் கேம்பிரியன் பாறைகளில், ஏறத்தாழ 520 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய ஹெலிகோபிளாக்கஸ் என்ற முட்தோலிக்கு இப்படி மூன்றே பாதப்பட்டிகள், முறுக்கிய உடலில் சுற்றிக்கொண்டு ஓடின. இனி இடத் துண்டின் நடுவிலும் வலத் துண்டின் நடுவிலும் ஒவ்வொரு கிளை சேருங்கள். இரண்டு, ஒன்று, இரண்டு: மொத்தம் ஐந்து. பழைய எட்ரியோ முட்தோலிகள் பலவற்றில் பக்கப் பட்டிகள் இப்படிப் பொதுக் காம்பிலிருந்து பிரிவதைப் பாறையிலேயே பார்க்கலாம்.

ஸ்பெயினில் கண்டெடுத்து 2012இல் விபரித்த ரெனோயிம்பிரிக்காற்றா இன்னும் வேறு. அதற்கு வன்கூட்டுத் தட்டுகள் உண்டு, உடல் இருபக்கச் சமச்சீர். அதே கேம்பிரியனில் சமச்சீரே இல்லாத சிங்க்ரா வகைகளும் இருந்தன. இவற்றை அடுக்கி இருபக்கம், சமச்சீரின்மை, மூன்று, ஐந்து என்று படி போடலாம். மாணவர்களுக்கு நானும் அப்படித்தான் வரைகிறேன். ஆனால் பாறையில் இவை அதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. ஐந்து ஆரை உள்ளவையும் கேம்பிரியனிலேயே தொடங்கிவிடுகின்றன. படி என்பது உடலமைப்பின் உறவைக் காட்டுகிறது. அதைக் காலக்கணக்காக எழுதினால் புள்ளி குறையும், உண்மையும் குறையும்.

முள்ளெலியின் 20 நிரலும் ஆதியில் இருந்ததல்ல. கேம்பிரியனுக்கு அடுத்த ஓர்டோவிசியன் காலத்து முள்ளெலியான பொத்ரியோசிடாரிஸில் இடைப்பட்டிக்கு ஒரே நிரல். பிற்கால மெலோனெக்கினஸில் பல நிரல்கள். ஆர்க்கியோசிடாரிஸில் நான்கு, அவையும் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஏறத்தாழ 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வந்த பேர்மியன் இறுதிப் பேரழிவைத் தாண்டி இன்றுவரை நிலைத்த வழி, இரண்டிரண்டு நிரல் கொண்டது மட்டும்.

2023 நவம்பரில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வையும் சேர்த்துப் படியுங்கள். பற்றிரியா மினியாற்றா என்ற நட்சத்திரமீனில் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று படம் வரைந்தார்கள். மற்ற விலங்குகளில் தலையைக் குறிக்கும் மரபணுக்கள் ஒவ்வொரு கையின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு நோக்கி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. உடம்புப் பகுதியைக் குறிக்கும் மரபணுக்கள் வெளித்தோலில் வேலை செய்யவேயில்லை. அதாவது வெளித்தோலைப் பொறுத்தவரை நட்சத்திரமீன் பெரும்பாலும் தலை. தட்டுகளை மட்டும் பார்த்து இதை ஒருநாளும் சொல்லியிருக்க முடியாது.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

ஓட்டைப் படமெடுத்தால் மட்டும் போதாது, வரையுங்கள். உச்சிப் படம் ஒன்று, வாய்ப்பக்கப் படம் ஒன்று, ஒரு நுனித்தட்டுக்குரிய நான்கு நிரலையும் விரித்து ஒன்று. ஒவ்வொரு படத்திலும் பாதம் 3ஐ மேலே வைத்து, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்று குறியுங்கள். துளைச்சோடிகளின் எண்ணிக்கை, சினைத்துளை ஐந்தா நான்கா (சில மணல் முள்ளெலிகளில் பின்பக்கத் துளை இல்லை), குதம் எந்தப் பட்டியில், ஓட்டின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் ஆகியவற்றையும் எழுதுங்கள். ஓட்டை எடுத்த கரையின் பெயரும் திகதியும் ஓட்டுக்குள் ஒரு கடதாசித் துண்டில் பென்சிலால் எழுதி இருக்கட்டும். மை ஈரத்தில் ஊறிவிடும். ஊர் பெயரும் திகதியும் இல்லாத ஓட்டை வைத்து இரண்டு கரைகளை ஒப்பிட முடியாது.